சந்தனம் வைத்த இன்ஜின்

எனக்கு ஒரு வியாதி உண்டு. கோபம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். சின்னக் கோபத்துக்குப் புன்சிரிப்பு, பெரிய கோபத்துக்கு வயிறு குலுங்குகிற சிரிப்பு. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். லேத் மெஷின் பக்கம் போனால், "பாத்துப் போம்மா, சேலை மாட்டிக்கும், தள்ளி நில்லு" என்பார்கள். அரம் எடுத்து இரும்பைத் தேய்த்தால், "கை காய்ச்சுப் போனா மாப்பிள்ளை கிடைக்க மாட்டான்" என்பார்கள். உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வரும். உடனே சிரித்துவிடுவேன். படிப்பு முடிந்து வெளியே வந்தபோது கலகலப்பான பெண் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் கிடைக்கவில்லை.

சேலத்துப் பட்டறைகளில் ஏறி இறங்கினேன். ஒரு முதலாளி நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா வரலியாம்மா?" என்றார். இன்னொருவர் டைப்ரைட்டிங் தெரியுமா என்றார். ஒரு பெரிய கம்பெனியில் என்னை உட்காரவைத்து காபியெல்லாம் கொடுத்தார்கள். ஆடிட்டரின் மகள் என்று நினைத்துவிட்டார்களாம். விஷயம் தெரிந்ததும் காபியைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். குடித்துவிட்டுத்தான் வந்தேன், நல்ல காபி.

எங்கள் வீட்டில் முடிவெடுக்கும் பொறுப்பை என் மாமா, அம்மாவின் தம்பி, தானாகவே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் எனக்காக டைப்ரைட்டிங் கிளாஸில் இடம் பேசி வைத்துவிட்டார். டைப் படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை வரிசையில் நிற்பான் என்பது அவர் கணக்கு. அந்த நேரத்தில்தான் எங்கள் பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப் வாத்தியாருக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு டிரங்க் கால் வந்தது. காபி எஸ்டேட் ஒன்றில் பழ சீசன் தொடங்கிவிட்டது, இன்ஜின் படுத்துக்கொண்டது, நல்ல மெக்கானிக் ஒருவர் நிரந்தரமாகவே வேண்டும் என்று எஸ்டேட் மேனேஜர் கேட்டிருக்கிறார். வாத்தியார், "என் பேட்ச்லயே கெட்டிக்கார ஆளை அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். ஆள் ஆணா பெண்ணா என்று அவரும் சொல்லவில்லை, மேனேஜரும் கேட்கவில்லை. மெக்கானிக் என்றால் மீசை இருக்கும் என்று மேனேஜருக்குத் தெரியாதா என்ன?

"போயிட்டு வரட்டும். ஒரு வாரம் தாங்காது. திரும்பி வந்ததும் நேரா டைப்ரைட்டிங் கிளாஸு, அப்புறம் இந்த ஸ்பேனர் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார் மாமா. நான் சரி என்று தலையாட்டினேன். அந்த மலையில் காலூன்றாவிட்டால் என் மெக்கானிக் வாழ்க்கை அத்தோடு சரி என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

அம்மா என் பையைக் கட்டினாள். ஸ்பேனர்கள், ஸ்குரூ டிரைவர்கள், சின்னச் சுத்தியல் எல்லாவற்றையும் தனித்தனியாக என் சேலைகளுக்குள் வைத்து, குழந்தையைத் துணியில் சுற்றுகிற மாதிரி சுற்றினாள். "எதுக்கும்மா?" என்றேன். "பொட்டப்புள்ள பையில இரும்புச் சத்தம் கேட்டா பஸ்ஸுல நாலு பேரு என்ன நினைப்பாங்க?" என்றாள். பையைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. அவளுக்குப் பரம திருப்தி.

மலை ஏறுகிற பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். உருண்டையான உடம்பு, அடர்ந்த மீசை, தோளில் துண்டு, காலடியில் ஒரு கனத்த சாக்குப்பை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்தப் பை கடகடவென்று உருண்டு வந்து என் காலை இடிக்கும். "மன்னிச்சுக்கங்கம்மா" என்று அவர் இழுத்துக்கொள்வார். அடுத்த வளைவில் மறுபடியும் வரும். எனக்கு ஒரு பக்கம் தலைசுற்றல், ஒரு பக்கம் குளிர், ஒரு பக்கம் கால் வலி, எல்லாவற்றுக்கும் மேல் முதல் வேலைக்குப் போகிற கொண்டாட்டம். பாதி மலையில் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் என் நெற்றியைப் பார்த்தார், காய்ச்சலோ என்று நினைத்திருப்பார்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கினோம். மார்கழிப் பனி, எதிர்க் கடைகூடச் சரியாகத் தெரியவில்லை. நானும் பெரியவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வழி பார்த்துக்கொண்டிருந்தோம். காதுகளை மப்ளரால் சுற்றிக்கொண்ட ஒருவர் நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, பள்ளிக்கூட ஆஸ்டலுக்குச் சமையலுக்கு வர்றவங்க நீங்கதானுங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

அவர் என்னைத் தாண்டிப் போய், வாழைத்தார் சுமந்து வந்த மலைக்காரப் பெண்ணிடம் அதையே கேட்டார். அப்புறம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு கன்னியாஸ்திரியிடமும் கேட்டார். பெண்கள் தீர்ந்ததும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டார். பெரியவர் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை. பெரியவர் அந்த நேரம் பெட்டிக்கடையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டுக்கொண்டிருந்ததால் அவருக்கும் எதுவும் காதில் விழவில்லை.

பின்னாலேயே ஒரு ஜீப் வந்து நின்றது. டிரைவர் குதித்து இறங்கி நேராகப் பெரியவரிடம் போனார்.

"ஏனுங்க, சேலத்துல இருந்து வேலைக்கு வர்றவருங்களா?"

"ஆமாங்க" என்றார் பெரியவர்.

"வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக் கெடக்கறாங்க. பையக் குடுங்க." பையைத் தூக்கியதும் உள்ளே இரும்பு கடகடத்தது. டிரைவர் முகம் மலர்ந்துவிட்டது. "சத்தத்தக் கேட்டாலே தெரியுதுங்க, நல்ல தொழில்காரர்னு!"

"நம்ம சாமான் நம்மகிட்ட இருக்கணுமுங்க. அடுத்தவங்க சாமான்ல எனக்குக் கை ஓடாது" என்றார் பெரியவர் பெருமையாக.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. ஓடிப்போய், "அண்ணா, எஸ்டேட்டுக்கு வர வேண்டிய மெக்கானிக் நான்தான்" என்றேன். சொல்லும்போதே கோபம் ஏறிவிட்டது. கோபம் ஏறியதும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒருத்தி நான்தான் மெக்கானிக் என்றால் யார் நம்புவார்கள்?

டிரைவர் என்னைவிட அதிகமாகச் சிரித்தார். "நொம்ப தமாசா பேசறீங்க கண்ணு. எஸ்டேட்டுப் பிள்ளைக் காப்பகத்துக்கு டீச்சரம்மா வர்றாங்கன்னு சொன்னாங்க, நீங்கதானா அது? பின்னாடி ஏறிக்குங்க சாமி."

பின்னால் ஏறிக்கொண்டேன். வேறென்ன செய்வது, அடுத்த ஜீப் கிடையாது. முன்னால் மரியாதையோடு உட்காரவைக்கப்பட்ட பெரியவர், ஆஸ்டல்காரர்கள் தனக்கு ஜீப்பே அனுப்பிவிட்டார்கள் என்று பூரித்துப்போயிருந்தார். வழியில் அவர் கேட்டார்:

"ஆளுங்க எத்தனை பேருங்க இருப்பாங்க?"

"சீசனுக்கு எரநூறு பேரு தேறுமுங்க."

"அடேயப்பா! அடுப்பெல்லாம் வெறகுங்களா?"

"எல்லாம் டீசலுங்க" என்றார் டிரைவர்.

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், உதறினார், மறுபடி தோளில் போட்டார். கடைசியில், "டீசல்ல நான் கை வெச்சதில்லீங்களே" என்றார். "உங்களுக்கென்னங்க, ஒரு நாள்ல பழகிடும்" என்றார் டிரைவர். பின்னால் நான் தார்ப்பாயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சாக்குப்பையில் ஸ்பேனர் இல்லை, கரண்டியும் ஜல்லிக்கரண்டியும் இருக்கின்றன என்று அப்போதுதான் உறைத்தது. கரண்டி சத்தம் போட்டது, அதற்கு முன்சீட்டு கிடைத்தது. ஸ்பேனர் சேலைக்குள் வாயை மூடிக்கொண்டிருந்தது, அதற்குப் பின்சீட்டுதான். அம்மாவை நினைத்தால் சிரிப்பு சிரிப்பாக வந்தது. அழுகையும் கொஞ்சம் வந்தது என்பதை மறைப்பானேன்.

எஸ்டேட்டில் மேனேஜரும் ரைட்டரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். மேனேஜரை அங்கே எல்லோரும் தொரை என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் போய் எவ்வளவோ காலமாகியும் அந்தப் பட்டம் மட்டும் போகவில்லை. எங்கள் தொரை நாமக்கல் பக்கத்துக்காரர், வேட்டிக்கு மேல் கோட்டு போட்டிருந்தார். ரைட்டர், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து பேர் எழுதுகிறவர், ஒல்லியான மனிதர், கையில் எப்போதும் குடை. நான் ரைட்டரிடம் போய் மறுபடியும் சொன்னேன், இந்தத் தடவை சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு. "இருங்கம்மா, மொதல்ல மெக்கானிக் ஐயா சாப்பிடட்டும், அப்புறம் உங்களுக்குக் காப்பகத்தைக் காட்டச் சொல்றேன்" என்றார். தொரையிடம் போனேன். அவர் என் தலைக்கு மேல் ரைட்டரைப் பார்த்து, "இவங்க யாரு?" என்றார். என்னிடம் கேட்கவில்லை, என்னைப் பற்றி அவரிடம் கேட்டார். "டீச்சரம்மாங்க" என்றார் ரைட்டர்.

சரி, போங்கள் என்று விட்டுவிட்டேன். இது எவ்வளவு தூரம்தான் போகிறது பார்ப்போம் என்று ஒரு குதூகலம் வந்துவிட்டது. பெரியவருக்கு நெய் தோசையும் முட்டையும் வந்தன. எனக்கு ஒரு டம்ளர் டீ, நின்றபடி.

சாப்பாடு முடிந்ததும் அவரை ஊர்வலம்போல பல்ப்பர் ஊடு என்று அவர்கள் சொல்லும் கட்டிடத்துக்கு அழைத்துப் போனார்கள். பறித்த காபிப் பழத்தின் தோலை உரித்து கொட்டையைப் பிரிக்கிற மெஷின்தான் பல்ப்பர். அதைச் சுற்றவைக்கிறது ஒரு டீசல் இன்ஜின். பழத்தைப் பறித்த அன்றே உரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் கிடந்து புளித்து நாறிப்போகும். முதல் நாள் பழமே மூலையில் குவிந்து கிடந்து லேசாக வாடை கிளப்பிக்கொண்டிருந்தது. அன்றைய பழத்தோடு பறிக்கிற பெண்கள் வேறு சாக்குகளைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வர ஆரம்பித்திருந்தார்கள்.

இன்ஜினைப் பார்த்ததும் நான் அசந்துபோனேன். அது இன்ஜினா, அபிஷேகம் முடிந்த சாமியா என்று தெரியவில்லை. சீசன் தொடங்கும்போது அதற்குப் பூஜை போடுவது வழக்கமாம். சக்கரத்துக்குச் சந்தனம், சைலன்ஸருக்குக் குங்குமம், மேலே இருக்கிற டீசல் டேங்குக்கு மாலை.

"பூசை போட்டு ஸ்டார்ட் பண்ணுனா நல்லாத்தானுங்க ஓடுது. கொஞ்ச நேரத்துல மூச்சுத் திணறுன மாதிரி டக்கு டக்குன்னு நின்னுபோகுது" என்றார் ரைட்டர். "கண்ணு பட்டிருக்கும்னு ரெண்டாவது பூசை போட்டோம், அதுக்கும் கேக்கல. நேத்து மூணாவதும் போட்டாச்சு."

ஒவ்வொரு பூஜைக்கும் ஒரு அடுக்குச் சந்தனம் ஏறியிருந்தது. டேங்க் மூடியின் மேல் சந்தனம் வடைபோலத் தடித்து, நடுவில் குங்குமத்தோடு காய்ந்திருந்தது.

பெரியவர் இன்ஜினைப் பார்த்தார். எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். இது ஆஸ்டல் இல்லை, இது அடுப்பும் இல்லை என்று அவருக்கு ஒருவழியாகப் புரிந்துவிட்டது. மெதுவாகப் பின்னால் நகர்ந்து என் பக்கத்தில் வந்து, "அம்மா, நான் சமையல்காரனுங்க. முட்டையெல்லாம் தின்னுபோட்டேன். இப்பச் சொன்னா அடிச்சிருவாங்க, காப்பாத்துங்க" என்று முணுமுணுத்தார்.

எனக்கு மூடியைப் பார்த்ததுமே பாதி விஷயம் விளங்கியிருந்தது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் முதல் வருடம் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான் அது. டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். டீசல் இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அது அடைத்துக்கொண்டால் டீசல் இறங்காது, இன்ஜின் நின்றுவிடும்.

"நான் சொல்றத அப்படியே சத்தமா சொல்லுங்க" என்றேன். "மூடியத் தொறங்க."

"மூடியத் தொறங்க!" என்று கர்ஜித்தார் பெரியவர். கல்யாணச் சமையலில் நூறு பேரை மேய்த்த குரல்.

திறந்தார்கள். ஸ்ஸ்ஸ் என்று டேங்க் காற்றை இழுத்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

"சந்தனத்தச் சொரண்டி எடுங்க!"

ரைட்டர் குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஐயோ, சாமிக்கு வெச்சதுங்க!"

இதற்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியவரே சொன்னார்: "சாமியும் மூச்சு உட வேண்டாங்களா?"

அவ்வளவுதான், ஆட்கள் சுரண்டினார்கள். ஓட்டை தெரிந்தது. குழாயில் புகுந்திருந்த காற்றை எடுக்க வேண்டியிருந்தது, அதற்கும் அவர் காதில் ஒவ்வொரு வார்த்தையாக ஊதினேன். எந்த ஸ்குரூவை எவ்வளவு தளர்த்துவது என்று நான் சொல்ல, அவர் அதை உப்பு போடுகிற மாதிரி சொன்னார்: "ஒரு சிட்டிகை திருப்புங்க, போதும் போதும், எறக்கிருங்க." ஆட்கள் ஹேண்டிலைச் சுற்றினார்கள். இன்ஜின் ஓடியது. நின்றுவிடும் என்று காத்திருந்தார்கள். நிற்கவில்லை. பல்ப்பர் பழத்தைக் கடித்துத் துப்ப ஆரம்பித்தது. ஒரே ஆரவாரம். டேங்குக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றிப் பெரியவர் கழுத்தில் போட்டார்கள்.

தொரை அவர் தோளில் தட்டி, "பேஷ்! அடுத்து கொட்டை காயவெக்கற ட்ரையரப் பாத்துருங்க, பம்ப்செட்டும் தகராறு பண்ணுது. குவார்ட்டர்ஸ் தயாரா இருக்கு" என்று சாவியை நீட்டினார்.

சாவியைப் பார்த்ததும் பெரியவர் உடைந்துவிட்டார். நல்ல மனிதர். அடுத்தவர் சாமானில் கை ஓடாது என்று சொன்னவர் அல்லவா? மாலையைக் கழற்றி என் கையில் திணித்தார். சாக்குப்பையைக் கவிழ்த்தார். ஜல்லிக்கரண்டி, தோசைக்கரண்டி, ஒரு பெரிய அகப்பை, அப்பளக் குத்தி எல்லாம் தரையில் உருண்டன.

"நான் ஆஸ்டல் சமையல்காரனுங்க. இந்தம்மா சொல்லச் சொல்லச் சொன்னேன். மெக்கானிக்கு இவங்கதானுங்க!"

எல்லோரும் கரண்டிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இன்ஜின் மட்டும் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. இனி என்னை நம்பித்தானே ஆக வேண்டும் என்று நான் மாலையோடு நிமிர்ந்து நின்றேன். ரைட்டர்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க தொரை, ஒரு சமையல்காரர் வந்து நின்னே ஓடுதுன்னா, அதுல ரிப்பேரே இல்லைன்னுதானுங்களே அர்த்தம்?"

தொரைக்கு அந்த நியாயம் பிடித்துப்போனது. யோசிக்க வேண்டிய தொல்லை தீர்ந்த முகம். "அதானே! ரிப்பேரே இல்லாத இன்ஜினுக்கு மெக்கானிக் எதுக்கு? பாவம் இந்தப் பொண்ணு, தூரத்துல இருந்து வந்திருக்கு. சாயங்கால பஸ்ஸுல பத்திரமா ஏத்தி உட்டுருங்க" என்றார். இதையும் ரைட்டரிடம்தான் சொன்னார்.

அந்த இன்ஜினை ஒரு பெண் பழுதுபார்த்தாள் என்று ஒப்புக்கொள்வதைவிட, பழுதே இல்லை என்று சொல்லிவிடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. என் கண் முன்னால் டைப்ரைட்டிங் கிளாஸின் படிக்கட்டு தெரிந்தது. மாமாவின் முகம் தெரிந்தது. அப்படி ஒரு கோபம் அதுவரை எனக்கு வந்ததில்லை. ஆகவே அப்படி ஒரு சிரிப்பும் வந்ததில்லை. அந்தக் கட்டிடமே எதிரொலிக்கிற மாதிரி சிரித்தேன். பறிக்கிற பெண்கள் சாக்குகளை இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்க நெருங்கி வந்தார்கள்.

பூஜைத் தட்டில் சந்தனம் மிச்சம் இருந்தது. கெட்டியாக ஒரு உருண்டை எடுத்தேன். எல்லோர் கண்ணுக்கும் எதிரில் டேங்க் மூடியின் நடுவில், ஓட்டைக்கு நேர் மேலே, கட்டை விரலால் அழுத்தி ஒரு பெரிய பொட்டு வைத்தேன். குங்குமமும் வைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"இதுக்குப் பேரு நாலாவது பூசைங்க" என்றேன். "ரிப்பேர் இல்லாத இன்ஜின்தானே, ஓடட்டும். நான் டீ குடிக்கிறேன்."

பழச்சாக்கு ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன். சமையல்காரர் எங்கிருந்தோ டீ கொண்டுவந்து கொடுத்தார். இன்ஜின் ஓடியது. தொரை பார்த்தார், ரைட்டர் பார்த்தார், டிரைவர் பார்த்தார். அது பாட்டுக்கு ஓடியது. நான் டீயை வெறுமனே ஆற்றிக்கொண்டிருந்தேன். ஓட்டையைச் சரியாக அடைத்தேனா? விரிசல் விட்டிருக்குமோ? வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு இன்ஜின் நின்றுபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், அதுவும் இருக்கிற எல்லாச் சாமியையும். மலை உச்சியில் இருக்கிற சேர்வராயனைக்கூட விடவில்லை, அவர் கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று சொன்னேன்.

டக்... டக்கு... டக்.

நின்றது.

"போச்சு!" என்றார் டிரைவர், ஏதோ அவருடைய ஜீப் நின்ற மாதிரி.

ஆட்கள் ஹேண்டிலைச் சுற்றினார்கள். சுற்றினார்கள், சுற்றினார்கள், வேர்த்து ஒழுகினார்கள். இன்ஜின் அசையவில்லை. ரைட்டர் சமையல்காரரின் கையைப் பிடித்து இழுத்துவந்து இன்ஜினுக்கு எதிரில் நிறுத்தினார். "சும்மா நில்லுங்க, காலைல நின்ன மாதிரியே நில்லுங்க" என்றார். பாவம், அவரும் விறைப்பாக நின்றார். எதுவும் நடக்கவில்லை. பறிக்கிற பெண்களில் ஒருத்தி, "மாலைய மறுக்கா போட்டுப் பாருங்க!" என்று கத்தினாள். அவ்வளவுதான், இடுப்பில் கைவைத்து நின்றிருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள். அப்படிக் கூட்டமாகச் சிரிக்கிறபோது எந்த எஸ்டேட்டிலும் எந்த தொரையும் நிமிர்ந்து நிற்க முடியாது.

தொரை ரைட்டரைப் பார்த்து, "அந்தப் பொண்ணை..." என்று ஆரம்பித்தார்.

"என்கிட்ட கேளுங்க" என்றேன். சிரிக்கவில்லை. எப்படிச் சிரிக்காமல் இருந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. "காலையில இருந்து இங்கே எல்லாரும் என்னைப் பத்திப் பேசுறீங்க. என்கிட்ட யாரும் பேசல. நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கேன்."

தொரை குவிந்து கிடந்த பழத்தை ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இன்ஜின ஓட வெச்சுக் குடுக்கறீங்களா?"

"குடுக்கறேனுங்க."

பையைப் பிரித்தேன். முதல் சேலையை உதறினேன், ஒரு ஸ்பேனர் விழுந்தது. இரண்டாவது சேலையில் இரண்டு. பறிக்கிற பெண்கள் ஒவ்வொன்றுக்கும் ஓ போட்டார்கள். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "அடக் கண்ணு, இதக் காலைலயே காட்டியிருந்தா முன்னாடி சீட்டயில்ல குடுத்திருப்பேன்!" பொட்டைச் சுரண்டினேன், ஓட்டையில் ஊதினேன், காற்றை எடுத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்தேன். சமையல்காரர் உதவிக்கு வந்தார், வேண்டாம் என்றேன். முதல் சுற்றில் தோள் கழன்றுவிட்டதாகத்தான் நினைத்தேன். பெண்கள் பாறாங்கல் உருட்டுகிற மாதிரி "ஏலேலோ" போட்டார்கள். அடுத்த தடவையில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

தொரை சாவியை என்னிடம் நீட்டினார். நீட்டிக்கொண்டே, "கல்யாணம் ஆச்சுன்னா போயிருவீங்களே?" என்றார். சாவியை முதலில் வாங்கிக்கொண்டேன். "இந்த டிரைவர் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனப்ப கேட்டீங்களாங்க?" என்றேன். தொரை கோட்டைச் சரிசெய்துகொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுக்கொண்டுதான் இருந்தார், அது வேறு விஷயம். வேலை எனக்குத்தான். ரைட்டரும் அடுத்த சீசனில் இருந்து சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "இங்க வெக்கலாமுங்களா, இங்க மூச்சு இல்லீங்களே?" என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டுத்தான் பொட்டு வைப்பார்.

சமையல்காரரை அன்றே ஜீப்பில் ஆஸ்டலுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே மப்ளர்காரர் அவரைப் பார்த்துவிட்டு, "சமையலுக்கு வர்றது பொம்பளைன்னு நெனச்சேனுங்க" என்றாராம். அதற்கப்புறம் ஆஸ்டலில் பாயசம் வைக்கிற நாளெல்லாம் ஒரு தூக்குப்போசி நிறைய எனக்கு வந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆவதற்குள் சேலத்துக்கு இறங்க வேண்டியிருந்தது. ட்ரையருக்கு பெல்ட்டும் பம்ப்செட்டுக்கு வாஷரும் வாங்க வேண்டும். ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். கடை வேலை முடிந்ததும் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். மாமா உள்ளேதான் இருந்தார். ஜீப் சத்தம் கேட்டு வெளியே வந்தவருக்கு முகமெல்லாம் பல்.

"நான் சொன்னனா இல்லியா? ஒரு வாரங்கூடத் தாங்கல!" என்றவர், என்னைத் தாண்டிப் போய் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானுங்களா எஸ்டேட்டு மெக்கானிக்கு? நம்ம புள்ளயப் பத்திரமாக் கொண்டாந்து உட்டீங்களே, நொம்ப சந்தோசமுங்க."

டிரைவர் நெளிந்தார். என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"ஏனுங்க, நானு டிரைவருங்க. மெக்கானிக்கு அவங்கதான். நானும் மொதல்ல உங்களாட்டத்தானுங்க நெனச்சுப்போட்டேன். கொஞ்சம் சீக்கிரம் அனுப்பி உடுங்க, அங்க பழம் குமிஞ்சு கெடக்குது."

மாமா டிரைவரின் கையை விடவே மறந்துபோனார். அம்மா வந்து என் கையிலிருந்து பையை வாங்கினாள். வாங்கியதும் உள்ளே ஸ்பேனர்கள் கணீரென்று மோதிக்கொண்டன. தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன்டி, சேலையில சுத்தி வெச்சேனே, என்னாச்சு?" என்றாள் அம்மா.

"சேலை எல்லாம் கட்டிக்கறதுக்கே வேணும்மா" என்றேன். "தெனமும் வேலைக்குப் போறேன்ல."